சளிக்குப் புகை மிஷின் வாங்கலாமா?



கொஞ்ச காலமாக என்னிடம் மருந்துக்கு வருகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, தண்ணி ஊத்துனா புகை மாதிரி வருமே, போன்ல விக்கிறாங்களே, அந்த மிஷின் வாங்கலாங்களா? பிள்ளைக்குச் சளி, இருமல் நிக்குமா?" என்கிறார்கள். பாசார் மாலாமிலும் கலர் விளக்குப் போட்டு அதை அடுக்கி வைத்திருக்கிறார்கள். லயத்தில் ஒரு வீட்டில் வாங்கினால் அடுத்த மாதம் நாலு வீட்டில் இருக்கிறது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன மழைக் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு இனிமேல் தள்ளக்கூடாது என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை ஆறரை மணி. பெரட்டு முடிந்து எல்லாரும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். நர்சரியில் வேலை செய்யும் ஒரு பெண் தன் நாலு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பையனுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா உண்டு. நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கிறது. விலா எலும்புகள் தெரிகின்றன. அழக்கூடத் தெம்பில்லை.

"எப்பம்மா ஆரம்பிச்சது?"

"ராத்திரி பதினோரு மணிக்குங்கய்யா. அப்பவே கேஸ் வச்சிட்டேன். விடிய விடிய வச்சேன். கொறயவே இல்லீங்கய்யா."

வீட்டில் ஏது கேஸ் என்று கேட்டேன். புதிதாக 79 வெள்ளி கொடுத்து வாங்கிய புகை மிஷினைத்தான் அவள் சொன்னாள். ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்துக் கேஸ் கொடுப்பார்களே, அதைப் போலவே இதிலும் வெள்ளையாகப் புகை வந்ததால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டாள். விற்றவரும் "மூச்சுக்கு நல்லது" என்று எழுதியிருந்தாராம்.

நான் உடனே மருந்து வைத்துக் கேஸ் கொடுத்து, ஆக்ஸிஜனும் கொடுத்து, தோட்ட வண்டியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூன்று நாள் படுத்திருந்து பையன் நல்லபடியாக வீடு திரும்பினான். இப்போது ஆயாக் கொட்டகையில் ஓடி விளையாடுகிறான். ஆனால் அந்த ஏழரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. டாக்டர் கொடுத்த நீல நிற இன்ஹேலர் அன்று இரவு முழுவதும் அந்த வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறது!

அந்தத் தாயைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைக்காக வாங்கினாள். அவளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டும் ஒன்றல்ல

ஆஸ்பத்திரியில் 'கேஸ்' என்று நாம் சொல்வது நெபுலைசர். சுருங்கிப்போன மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து அதில் அளந்து ஊற்றப்படுகிறது. குணம் கொடுப்பது அந்த மருந்துதான்.

வீட்டில் வாங்கி வைக்கும் புகை மிஷினுக்கு அல்ட்ராசோனிக் ஹியுமிடிஃபையர் என்று பெயர். காற்றில் ஈரத்தைக் கூட்டுவது ஒன்றுதான் அதன் வேலை. அதில் மருந்து கிடையாது. இழுப்பு வந்த பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைப்பதால் இழுப்பு நிற்காது. சில பிள்ளைகளுக்கு அந்தக் குளிர்ந்த ஈரமே இருமலைக் கூட்டிவிடும்.

ஆகவே முதலில் இதை மனத்தில் பதிய வையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இழுப்பு வந்தால் டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, அவர் சொன்ன முறைப்படி, குடுவை போன்ற ஸ்பேசரில் பொருத்திக் கொடுக்க வேண்டும். கேட்கவில்லையானால் மணி பார்க்காமல் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நடு ராத்திரியானாலும் பரவாயில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

மிஷினின் அடியில் ஐம்பது காசு அளவில் ஒரு வட்டத் தகடு இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது ஒரு விநாடிக்குப் பதினாறு, பதினேழு லட்சம் தடவை அதிரும். அவ்வளவு வேகமான அதிர்ச்சியை நம் காதால் கேட்க முடியாது. அந்த அதிர்ச்சியில் தண்ணீர் பொடிப் பொடித் துளியாகச் சிதறி, காற்றாடியால் வெளியே தள்ளப்படுகிறது. நாம் பார்க்கும் 'புகை' அதுதான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் உண்டு. கெட்டிலில் தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது உப்பும் சுண்ணாம்பும் அடியிலேயே தங்கிவிடும். கொதிக்கிற சூட்டில் கிருமிகளும் செத்துவிடும். இந்த மிஷினில் கொதிப்பே கிடையாது. தண்ணீரைக் குளிர்ச்சியாகவே உடைத்து வீசுகிறது. ஆகவே தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் அதுவும் காற்றில் வரும். தொட்டியில் பாசியும் கிருமியும் இருந்தால் அவையும் வரும். துளிகள் மிகவும் சிறியவை என்பதால் அவை மூக்கோடு நிற்காமல் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். மிஷின் வைத்த மேஜையிலும் டி.வி.யிலும் மாவு தூவியது போல வெள்ளைப் படலம் படிவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் இருந்த சுண்ணாம்புதான் அது. மேஜையில் படிந்தது போகப் பாக்கியை வீட்டில் உள்ளவர்கள் சுவாசித்திருக்கிறார்கள்.

நம் வீட்டில் ஈரம் குறைவா?

இந்த மிஷின் பிறந்தது குளிர் தேசங்களுக்காக. அங்கே பனிக் காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போடுவார்கள். காற்று வறண்டு போகும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும். அவர்களுக்கு ஈரம் தேவைப்படுகிறது.

நம் நாட்டுக் கதை வேறு. இங்கே காற்றில் ஈரம் சாதாரணமாகவே 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. துவைத்த துணி மழைக் காலத்தில் இரண்டு நாளானாலும் காய்வதில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறது. தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கிறது. இதற்கு மேல் ஈரம் எதற்கு?

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி, உயரம் ஒன்பதடி உள்ள ஓர் அறை. இரவில் 26 டிகிரி உஷ்ணம். அந்த அறைக் காற்று மொத்தமாகத் தாங்கக்கூடிய ஈரம் சுமார் 600 மில்லி தண்ணீர். காற்றில் ஏற்கெனவே 80 விழுக்காடு ஈரம் இருக்கிறது என்றால், இன்னும் சுமார் 120 மில்லிக்குத்தான் இடம் உண்டு. அரை தம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஷினோ ஒரு மணி நேரத்தில் 300 மில்லி வீசும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. கதவு ஜன்னலை மூடி எட்டு மணி நேரம் ஓடவிட்டால் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் தண்ணீர். காற்றில் இடமில்லாத தண்ணீர் எங்கே போகும்? சுவரிலும், மெத்தையிலும், தலையணையிலும், அலமாரித் துணியிலும்தான் போய் இறங்கும்.

ஈரம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் சுகமாக வளரும். மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசிப் பூச்சி இருக்கிறது. அதற்கும் ஈரமான இடம்தான் பிடிக்கும். ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் முக்கியமான எதிரிகள் இந்தப் பூஞ்சணமும் பூச்சியும்தான். ஆக, மூச்சுக்கு நல்லது என்று வாங்கிய சாமான் மூச்சைக் கெடுக்கும் எதிரிகளுக்கு வீட்டில் இடம் போட்டுக் கொடுக்கிறது.

நான் சொன்ன அந்தப் பையன் வீட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். காற்று உள்ளே வராமல் ஜன்னல் இடுக்கில் துண்டைச் செருகி வைத்திருந்தார்கள். அலமாரியை நகர்த்தியபோது பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். கூரைத் தகடு ஒழுகிய ஈரம் ஒரு பக்கம், மிஷின் ஈரம் இன்னொரு பக்கம். மிஷின் தொட்டிக்குள் விரலை விட்டேன். மீன் தொட்டி போல வழவழவென்று இருந்தது.

புகைமூட்டத்துக்கு உதவுமா?

இதையும் சிலர் கேட்டார்கள். 2013 ஜூன் மாதம் மூவார், லேடாங் பகுதிகளில் புகைமூட்டத்தால் அவசர நிலையே அறிவிக்கப்பட்டது. 2015-லும் பள்ளிகளை மூடும்படி ஆயிற்று. அப்படிப்பட்ட நாட்களில் இந்த மிஷின் காற்றைச் சுத்தம் செய்யாது. அதில் தூசியைப் பிடிக்கும் வடிகட்டி கிடையாது. காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின் வேறு, ஈரம் கூட்டும் மிஷின் வேறு. புகைமூட்ட நாளில் வெளியே போகாமல் இருப்பதும், போக நேர்ந்தால் என்95 முகக்கவசம் அணிவதுமே நல்லது.

தொட்டியில் எதையும் கலக்காதீர்கள்

தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், வாசனைத் திரவியம், வேப்பிலைச் சாறு, மஞ்சள் தண்ணீர், டெட்டால், குளோராக்ஸ் எல்லாவற்றையும் இதில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம்.

கைக்குழந்தைக்குக் கற்பூரமும் மெந்தாலும் ஆபத்து. மூச்சு அடைத்துக்கொள்ளக்கூடும். நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறை உண்டா என்று பரிசோதிக்கிறார்கள். குறை உள்ள பிள்ளையின் தாய்க்கு ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள். அந்தப் பிள்ளை இருக்கும் வீட்டில் பாச்சை உருண்டையும் கற்பூரத் தைலமும் கூடவே கூடாது. ரத்த அணு உடைந்து மஞ்சள் காமாலை வரும்.

கிருமிநாசினி ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியாவில் நடந்ததே பாடம். அங்கே 1994-லிருந்து, இந்த மிஷின் தொட்டியில் பாசி பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து கடைகளில் விற்கப்பட்டது. ஜனங்கள் நம்பி வாங்கித் தண்ணீரில் கலந்து படுக்கை அறையில் ஓடவிட்டார்கள். 2011-ல் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற பெண்களும் சிலர் நுரையீரல் கெட்டு சியோல் நகர ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். காரணம் புரியாமல் டாக்டர்கள் துருவி விசாரித்தபோதுதான் இந்த மருந்து என்று தெரிந்தது. அதே ஆண்டு விற்பனை நிறுத்தப்பட்டது. பாதிக்கப்பட்டதாக மனுச் செய்தவர்கள் பல ஆயிரம் பேர். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்து போயிருந்தார்கள். பச்சைப் பிள்ளைகளும் அதில் உண்டு. தோலில் பட்டால் ஒன்றும் செய்யாத மருந்துகூட, பொடித் துளியாகி நுரையீரலுக்குள் போனால் விஷமாகிவிடும்.

அப்படியும் தேவை என்றால்

யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு பகலாக ஏர்கோனில் இருந்து தொண்டையும் கண்ணும் வறண்டு போகிறவர்கள் உண்டு. தொண்டையில் துளை போட்டு மூச்சு விடும் நோயாளிகளுக்கு டாக்டரே ஈரக் காற்று வேண்டும் என்று சொல்லலாம். அவர்கள் டாக்டர் சொல்லும் சாதனத்தையே வாங்க வேண்டும். வெளிநாட்டுக் குளிரில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் உதவலாம். இப்படிப்பட்டவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. மிஷினுக்கு முன்னால் ஈரமானி ஒன்று வாங்குங்கள். பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் அறையில் வைத்துப் பாருங்கள். ஈரம் 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மிஷின் தேவையில்லை. பெரும்பாலோர் இதோடு நிறுத்திக்கொள்வீர்கள். பெரிய செலவு மிச்சம்!

2. தொட்டியின் வாய் அகலமாக, கை உள்ளே போய்த் தேய்க்கும்படி இருக்க வேண்டும். கழுவ முடியாத குறுகிய வாய் உள்ளதை, எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

3. தண்ணீர் தீர்ந்ததும் தானே நிற்க வேண்டும். ஈரம் போதிய அளவு வந்ததும் நிற்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

4. சின்ன மிஷின்களில் தண்ணீரை உறிஞ்ச ஒரு பஞ்சுக்குச்சி இருக்கும். அது எப்போதும் ஈரத்திலேயே ஊறுவதால் பூஞ்சணம் பிடிக்கும். மாற்றுக் குச்சி கிடைக்காவிட்டால் அந்த மிஷின் வேண்டாம்.

5. பிளக்கும் அடாப்டரும் சிரிம் முத்திரை உள்ளதாக இருக்கட்டும். தண்ணீரும் கரண்டும் சேரும் இடத்தில் மலிவு பார்க்கக்கூடாது.

தண்ணீரும் துப்புரவும்

காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர், எல்லாவற்றிலும் சிறந்தது. சாதாரணமாகக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கிருமி சாகும், ஆனால் சுண்ணாம்பு போகாது. கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கினால் லேபிளைப் படித்துப் பாருங்கள். மினரல் வாட்டர் என்று போட்டிருந்தால் வேண்டாம். அதில் தாது உப்பு இருக்கும், இதற்கு ஆகாது. சுத்திகரித்த குடிநீர் என்றால் பரவாயில்லை. அதில் உப்பு பெரும்பாலும் குறைவு. கிணற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், கூரைத் தொட்டித் தண்ணீர் மூன்றும் கூடவே கூடாது. ஒரு ராத்திரிக்கு இரண்டரை லிட்டர் என்றால் மாதத்துக்கு 75 லிட்டர். அந்தச் செலவையும் வாங்குமுன் கணக்குப் போடுங்கள்.

தினமும் காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கொட்டி, தொட்டியை அலசித் துடைத்துக் காய விடுங்கள். பழைய தண்ணீரின் மேல் புதிய தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மூன்று நாளைக்கு ஒரு தடவை அடித்தகட்டில் படிந்த சுண்ணாம்பை எடுக்க வேண்டும். வெள்ளை வினிகரை, கடையில் சுக்கா என்று விற்பதை, கொஞ்சம் ஊற்றி இருபது நிமிஷம் ஊற விட்டு, மெல்லிய துணியால் துடையுங்கள். கத்தியால் சுரண்டினால் தகடு கெட்டுவிடும்.

வாரம் ஒரு தடவை நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி குளோராக்ஸ் கலந்து தொட்டியில் ஊற்றி, மிஷினைப் போடாமல், இருபது நிமிஷம் வைத்துக் கொட்டுங்கள். வாடை போகும்வரை பல தடவை அலச வேண்டும். வினிகரையும் குளோராக்ஸையும் ஒருநாளும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் நெஞ்சை அறுக்கும் விஷ வாயு கிளம்பும். ஒரே நாளில் இரண்டையும் செய்ய வேண்டாம்.

மிஷினைக் கட்டிலிலிருந்து மூன்றடியாவது தள்ளி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத மேஜையில் வையுங்கள். பிள்ளையின் முகத்துக்கு நேராகத் திருப்பாதீர்கள். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோர்த்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மிஷின் ஓடிய சில மணி நேரத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், குளிர், இருமல், மூச்சு முட்டல் வந்து, நிறுத்தினால் குறைகிறது என்றால் அந்த மிஷினைத் தொடாமல் என்னிடம் வாருங்கள்.

பிள்ளைக்குச் சளி என்றால் என்ன செய்வது?

சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானே போகும். வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, சூப்பு அடிக்கடி கொடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் போதும். மூக்கு அடைத்தால் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. கொதிக்கிற தண்ணீரில் தைலம் போட்டுப் பிள்ளையைப் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். சட்டி கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

ஆபத்தைத் தெரிந்துகொள்ளப் பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, தாண்டினாலோ உடனே கொண்டு வாருங்கள். நெஞ்சு உள்ளே குழிந்தால், பால் குடிக்க முடியாவிட்டால், உதடு நீலம் பூத்தால், பிள்ளை துவண்டு போனால் 999-க்குப் போன் செய்யுங்கள். பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காச நோயாக இருக்கலாம்.

கூரையைக் கவனியுங்கள்

கடைசியாக ஒன்று. ஈரத்தைக் கூட்டும் மிஷின் நமக்குத் தேவையில்லை. ஈரத்தைக் குறைக்கும் வழிதான் தேவை. பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். துணியை வீட்டுக்குள் உலர்த்தாதீர்கள். மெத்தை தலையணையை வாரம் ஒரு தடவை வெயிலில் போடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கூரை ஒழுகினால், சுவரில் பூஞ்சணம் பிடித்தால், சும்மா இருக்காதீர்கள். தோட்டம் கொடுத்த வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எந்த வீடு, எந்த அறை, எத்தனை நாளாக ஒழுகுகிறது என்று எழுதி, நம் கிளைத் தலைவரிடம் கொடுங்கள். பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் அதையும் எழுதுங்கள். நான் சொன்ன அந்த வீட்டுக் கூரைக்கு இப்படித்தான் மனுக் கொடுத்தோம். புதுத் தகடு போட்டுவிட்டார்கள். சுவரையும் வெள்ளையடித்தார்கள்.

அந்தத் தாய் போன வாரம் என்னிடம் வந்திருந்தாள். "மிஷின என்னம்மா பண்ணுன?" என்று கேட்டேன். "பெட்டியில போட்டுக் கட்டி மேல வச்சிட்டேங்கய்யா. இன்ஹேலரத்தான் தலமாட்டுல வச்சிருக்கேன்" என்றாள். எல்லா வீட்டிலும் இன்ஹேலர் அப்படிக் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்னால் வந்து கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.